இரண்டு பேர் தப்புவதற்கு ஒரு சண்டை

இத்தாலியில், பலெர்மோ நகரத்தின் கால்சா பகுதியில், நான் வேலை செய்யும் சின்ன மியூசியத்தின் மிக முக்கியமான காட்சிப்பொருள் ஓர் ஓட்டை. முற்றத்தில் ஒரு பீரங்கி இருக்கிறது. துருப்பிடித்த துப்பாக்கிகள், இரத்தக்கறை என்று சொல்லப்படுகிற பழுப்புக் கறையுள்ள ஒரு சட்டை, இரண்டு கொடிகள் எல்லாம் இருக்கின்றன. ஆனால் வருகிறவர்கள் நுழைவுச்சீட்டை வாங்கிய கையோடு ஓட்டை எங்கே என்றுதான் கேட்பார்கள். ஓட்டையைத் துடைக்க முடியாது. சுற்றியுள்ள சுவரைத்தான் துடைக்கலாம். வாரத்தில் மூன்று பிற்பகல் அதைத்தான் செய்கிறேன். காலையில் லிபெர்த்தா வீதியில் ஒரு வயதான சிஞ்ஞோராவைக் குளிக்க வார்த்து, சாப்பாடு கொடுத்து, படுக்க வைத்துவிட்டு பஸ் பிடித்து வருவேன்.

ஓட்டையின் கதை இதுதான். நூற்றைம்பது வருடத்துக்கும் முன்னர் இந்த நகரம் நேப்பிள்ஸ் அரசனின் சிப்பாய்கள் கையில் இருந்தது. ஒரு ஏப்ரல் மாதம் காலையில் கொஞ்சப் பேர் இப்போது எங்கள் மியூசியமாக இருக்கும் துறவிகள் மடத்துக்குள் புகுந்து, மணியை அடித்து, ஊரை எழுப்பப் பார்த்தார்கள். ஊர் எழும்புவதற்குள் சிப்பாய்கள் வந்துவிட்டார்கள். பலர் செத்தார்கள். இரண்டு பேர் மட்டும் மடத்தின் நிலவறைக்குள், பிணங்களுக்கு நடுவே, ஐந்து நாள் ஒளிந்து கிடந்தார்கள். பிறகு சுவரைச் சுரண்டி ஓர் ஓட்டை போட்டார்கள். வெளியே காவலுக்குச் சிப்பாய்கள். விஷயம் கால்சாப் பெண்களுக்குத் தெரியவந்தது. அவர்கள் தெருவில் நின்று ஒருவரையொருவர் தலைமயிரைப் பிடித்து இழுத்துப் பெரிய சண்டை போட்டார்கள். சிப்பாய்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். இரண்டு பேரும் ஓட்டையால் வெளியே வந்து போய்விட்டார்கள். சில கிழமைகளில் நகரம் முழுவதும் எழும்பியது. அந்தமுறை சிப்பாய்கள்தான் கப்பலேறினார்கள்.

முதன்முதலாக இதைக் கேட்டபோது நான் நம்பவில்லை. ஊரில் நான் பார்த்த ஆமிக்காரர் எவரும் பெண்களின் சண்டையைப் பார்க்கக் காவலை விட்டு வந்ததில்லை. "உப்பிடியும் விசர்ச் சிப்பாய்கள் இருப்பினமோ?" என்று என்னோடு துப்புரவு வேலை செய்கிறவளிடம் கேட்டேன். அவள் பதில் சொல்லாமல் மொப்பைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் யாழ்ப்பாணம். யுத்தம் முடிவதற்கு நெடுங்காலம் முன்பே இங்கே வந்துவிட்டேன். அவள் வன்னி. எல்லாம் முடிந்த பிறகு, முகாமெல்லாம் இருந்து, கடைசியாக வந்து சேர்ந்தவள். என்னைவிட ஆறு வயது இளையவள். மியூசியத்தில் இன்னொரு ஆள் தேவை என்று டிரெத்தோரே, அதாவது எங்கள் இயக்குநர், கேட்டபோது நான்தான் அவளைக் கூட்டிவந்தேன். ஏழு வருடமாக அவள் என்னை "அக்கா, நீங்கள்" என்றாள். நான் அவளைத் "தங்கச்சி" என்றேன். பிறகு ஏழு மாதம் நாங்கள் ஒரு சொல் கதைக்கவில்லை.

பிழை யாருடையது என்று அப்போது கேட்டிருந்தால் அவளுடையது என்றுதான் சொல்லியிருப்பேன். நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே பாருங்கள்.

இத்தாலிய மொழியில் விளக்குமாற்றுக்கு ஸ்கோப்பா என்று பெயர். அதிலிருந்து கூட்டுவதற்கு ஒரு வினைச்சொல் வரும். புத்தகத்தில் அது சரியான சொல். தெருவில் அந்தச் சொல்லைக் கணவனும் மனைவியும் கதவைச் சாத்திய பிறகு செய்கிற காரியத்துக்கு வைத்திருக்கிறார்கள். அதுவும் மரியாதையான சொல்லாக அல்ல. இது அவளுக்குத் தெரியாது. அதுவரை கூடத்தைக் கூட்டியவளுக்கு ஒரு நாள் டிரெத்தோரேயின் அறையும் பொறுப்பாக வந்தது. பிற்பகல் மூன்று மணிக்கு அவர் அறைக் கதவைத் தட்டி, சிரித்த முகத்தோடு, தனக்குத் தெரிந்த இத்தாலியனில் அவள் கேட்பது அவர் காதில் இப்படித்தான் விழும்: "டிரெத்தோரே, இப்ப உங்களோடை செய்யட்டோ, பிறகு வரட்டோ?"

அறையைக் கூட்டுவதைத்தான் கேட்டாள். "அறை" என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டாள். டிரெத்தோரே சாதுவான மனிதர். வெயில் காலத்திலும் கழுத்தில் சால்வை சுற்றியிருப்பார். அந்தச் சால்வையின் நிறத்துக்கு முகம் சிவந்து, "கோப்பி குடிச்சிட்டு வாறன்" என்று எழும்பி ஓடிவிடுவார். அவள் வந்து என்னிடம், "நல்ல மனிசன் அக்கா, நான் கூட்ட வேணும் எண்டு உடனை எழும்பி இடம் விடுறார்" என்பாள். நான் பீரங்கிக்குப் பின்னால் குனிந்து நின்று, வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு சிரிப்பேன்.

சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்வோம் என்றுதான் நினைத்தேன். மூன்று மணியானதும் சிரிப்பு வந்துவிடும். பதினைந்து நாள் போயிற்று. கடைசியில் நுழைவுச்சீட்டுக் கொடுக்கும் பெண் அவளைக் கழிவறைக்குள் இழுத்துக்கொண்டு போய்ச் சைகையோடு விளக்கினாள். அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. நான் அதற்குள் கோவில் மடப்பள்ளியில் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்த ஆறு பெண்களுக்குச் சொல்லிவிட்டேன். கதை அவளுக்கு முன்னே அவள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

இரண்டு கிழமை கழித்து ஒரு பிறந்தநாள் வீட்டில் என் அண்ணன் ரொறன்ரோவிலிருந்து வீடியோவில் வந்திருந்தார். என் அண்ணனுக்கு நான் சொல்லி வைத்திருந்தது, "நூதனசாலையில் பராமரிப்புப் பகுதிக்குப் பொறுப்பாக இருக்கிறன்" என்று. பீரங்கிக்குப் பக்கத்தில் பட்டுச்சேலையோடு நின்று எடுத்த படமும் அனுப்பியிருந்தேன். அண்ணன் அதைத் தன் வரவேற்பறையில் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். இவள் போனுக்குள் தலையை நீட்டி, "வணக்கம் அண்ணை. நான் அக்காவோடைதான் மொப் அடிக்கிறன். அக்கா கழிவறை, நான் கூடம்" என்றாள்.

அதோடு முடிந்தது. அதன் பிறகு வேலையில் ஏதும் சொல்ல வேண்டியிருந்தால் நாங்கள் பீரங்கியிடம் சொன்னோம். "கழிவறைத் திறப்பு மேசையிலை கிடக்கு" என்று நான் பீரங்கியைப் பார்த்துச் சொல்வேன். "மேசையிலை கிடந்தால் நான் காணமாட்டனோ?" என்று அவள் பீரங்கிக்குப் பதில் சொல்வாள். எங்களுக்குப் பீரங்கியின் மேல் பெரிய பக்தி என்று டிரெத்தோரே நினைத்துக்கொண்டார்.

ஏப்ரல் வந்தது. வருடாவருடம் அந்த எழுச்சியை நினைத்து மாலை வைப்பார்கள், யாராவது பேசுவார்கள், மழை வரும். இந்த வருடம் டிரெத்தோரே சண்டையையே நடித்துக் காட்டுவது என்று தீர்மானித்தார். மியூசியத்தின் முற்றத்தில் பலகை அடித்து, சாந்து பூசி, ஒரு சுவர் செய்து, அதில் ஓர் ஓட்டையும் விட்டார்கள். உண்மையான ஓட்டைக்குள் யாரையும் விட முடியாது, அது சரித்திரம். பக்கத்து நாடகக் குழுவிலிருந்து இரண்டு பெண்கள் சண்டைக்கு. பல்கலைக்கழகத்தில் படிக்கும் இரண்டு பேர் சிப்பாய்களுக்கு. தப்பி ஓடும் இரண்டு பேரில் ஒருவர் அதே நாடகக் குழுவின் ஒல்லி மனிதர். மற்றவர் மூலையில் பார் வைத்திருக்கும் முதலாளி. அவருடைய பாட்டனாரின் பாட்டனார் அந்த எழுச்சியில் இருந்தார் என்று அவர் சொல்வதால் அவரை விட முடியவில்லை.

ஓட்டையை ஒல்லி மனிதரை வைத்து அளவெடுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு நிகழ்ச்சி. காலை ஒன்பதரைக்கு நாங்கள் இரண்டு பேரும் முற்றத்தில் கதிரைகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது டிரெத்தோரே போனோடு ஓடிவந்தார். நாடகக் குழுவின் இரண்டு பெண்களும் முதல் நாள் ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு கல்யாண விருந்தில் சிப்பி தின்றிருக்கிறார்கள். இப்போது கட்டிலுக்கும் கழிவறைக்கும் நடுவே ஓடிக்கொண்டிருக்கிறார்கள். நுழைவுச்சீட்டுப் பெண்ணை அவர் பார்த்தார். அவள், "நான் கவுண்டரை விட்டால் யார் சீட்டுக் கொடுப்பது?" என்றாள். அவர் மெதுவாக எங்கள் பக்கம் திரும்பினார்.

"சிஞ்ஞோரே, உங்களுக்குச் சண்டை பிடிக்கத் தெரியுமா?"

நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பீரங்கியைப் பார்த்தோம்.

"எங்களுக்கு இத்தாலியன் அவ்வளவு வராது, டிரெத்தோரே" என்றேன்.

"இத்தாலியன் தேவையே இல்லை. உங்கள் மொழியில் பிடியுங்கள். ஒருவருக்கும் விளங்கப்போவதில்லை. சண்டை விளங்கினால் போதும்."

ஒருவருக்கும் விளங்காது என்று அவர் சொன்னது ஒரு பெரிய பிழை. அன்று ஞாயிறு. நிகழ்ச்சி இலவசம். என் கணவர் வழியாகச் செய்தி போய், கோவிலுக்கு வருகிற பாதிக் குடும்பங்கள் பிள்ளைகளோடு வரப் புறப்பட்டிருந்தன.

ஒத்திகை பார்த்தோம். எழுதி வைத்திருந்தபடி சண்டை துணி காயப்போடும் கொடியைப் பற்றியது. ஒருத்தியின் கொடியில் மற்றவள் துணி போட்டுவிட்டாள். நாங்கள் இரண்டு பேரும் நீளப் பாவாடையும் தலைத்துண்டும் கட்டிக்கொண்டு எதிரெதிரே நின்றோம். நான் சொன்னேன், "என்ர கொடியிலை ஏன் துணி போட்டனீங்கள்?" அவள் நிலத்தைப் பார்த்து, "மன்னிக்க வேணும், தெரியாமல் போட்டிட்டன்" என்றாள். டிரெத்தோரே தலையில் கை வைத்தார். "தலைமயிரைப் பிடிக்க வேண்டும்! இப்படி!" என்று தன் சால்வையைத் தானே பிடித்து இழுத்துக் காட்டினார். நான் அவளுடைய தலைத்துண்டின் நுனியை இரண்டு விரலால் தொட்டேன். ஏழு மாதமாகத் தொடாத ஆளை எப்படி இழுப்பது? "பரவாயில்லை, பரவாயில்லை, ஐந்து நிமிடம்தான்" என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனார்.

பதினொரு மணிக்கு முற்றம் நிரம்பிவிட்டது. மூன்றாவது வரிசையில் எங்கள் ஆட்கள் சேலையும் வேட்டியுமாக உட்கார்ந்திருந்தார்கள். என் கணவர் போனை உயர்த்திப் பிடித்திருந்தார். அவர் படம் எடுக்கவில்லை, லைவ் போட்டிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். முற்றத்தைச் சுற்றியிருந்த பழைய வீடுகளின் பல்கனிகளில் கால்சாக் கிழவிகள் முழங்கையை ஊன்றி நின்றார்கள்.

மேளம் அடித்தது. சிப்பாய்கள் துப்பாக்கியோடு சுவருக்கு முன்னால் இரண்டு தரம் நடந்தார்கள். ஓட்டைக்குள் பார் முதலாளியின் முகம் தெரிந்தது. நான் ஈரச்சீலை ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு நடுவுக்குப் போனேன்.

"என்ர கொடியிலை ஏன் உன்ர சீலையைப் போட்டனீ?"

குரல் எனக்கே கேட்கவில்லை. பீரங்கிக்குப் பின்னால் டிரெத்தோரே, சத்தம், சத்தம் என்று கையை உயர்த்தினார். அவள் என் முன்னே வந்தாள். இடுப்பில் கையை வைத்தாள். மூச்சை இழுத்தாள்.

"உன்ர கொடியோ? எல்லாம் உன்ர தானே! இந்த மியூசியமே உன்ர தானே! ரொறன்ரோவிலை அப்பிடித்தானே சொல்லி வைச்சிருக்கிறாய்!"

ஏழு வருடம் "நீங்கள்" என்ற வாய். எனக்கு உச்சந்தலை சூடேறியது.

"என்ர அண்ணனுக்கு நான் எதையும் சொல்லுவன்! நீ ஆரடி அதைக் கேக்க?"

"சொல்லு! நல்லாச் சொல்லு! பராமரிப்புப் பகுதிப் பொறுப்பாளர்! பொறுப்பாளருக்குக் கையிலை ஏன் கழிவறை பிரஷ்?"

மூன்றாவது வரிசையில் ஒரு சிரிப்பு வெடித்தது. இத்தாலியர்கள் அதைப் பார்த்துக் கைதட்டினார்கள். நான் ஈரச்சீலையைச் சுழற்றினேன். அது அவள் மேல் படவில்லை. வேடிக்கை பார்ப்பதாக நடிக்க நெருங்கி வந்த சிப்பாயின் முகத்தில் போய் விழுந்தது. அவன் நடிப்பை மறந்து, "சிஞ்ஞோரா, அமைதி, அமைதி" என்று என் கையைப் பிடித்தான். நான் உதறிவிட்டேன்.

"நான் ஒளிச்சு வைச்சதை நீ ஏனடி போனுக்குள்ளை தலையை விட்டுச் சொன்னனீ? அந்த மனிசன் என்ர படத்தைக் கழட்டிப்போட்டார் தெரியுமோ?"

"நீ ஏன் சொல்லேல்லை?" என்றாள் அவள். குரல் திடீரென்று உடைந்தது. "பதினைஞ்சு நாள்! அந்த மனிசனைப் பாத்து நான் அந்தச் சொல்லைச் சொல்லேக்கை நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரிச்சனீ! ஒருக்கா, ஒரே ஒருக்கா, 'தங்கச்சி, அப்பிடிச் சொல்லாதை' எண்டு சொல்லியிருந்தால் உன்ர வாய் தேஞ்சு போயிருக்குமோ? எனக்குப் பாஷை தெரியாது. இந்த ஊரிலை நான் நம்பினது உன்னை ஒருத்தியைத் தானே!"

பிறகு கண்ணீர் வந்துவிட்டது அவளுக்கு. நடிப்பில்லை. மூன்றாவது வரிசையில் சிரித்தவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள். முதல் மாடிப் பல்கனியில் நின்ற கிழவி, ஒரு சொல்லும் விளங்காமலே, "சின்னவள் சொல்வதுதான் சரி!" என்று உரத்துக் கத்தினாள். எதிர்ப் பல்கனிக்காரி, "உனக்கென்ன தெரியும், பெரியவள் பாவம்!" என்றாள். அங்கேயும் ஒரு சண்டை தொடங்கியது.

ஏழு மாதமாகத் தேடிவைத்த பதில்கள் எல்லாம் வேறு ஏதோ கேள்விக்கானவை.

"பிழைதான்" என்றேன்.

"என்ன? கேக்கேல்லை!"

"பிழைதான் எண்டு சொல்லுறன்!"

"சத்தமாச் சொல்லு! மடப்பள்ளியிலை சொல்லேக்கை நல்ல சத்தம் வந்தது தானே!"

"பிழை! பிழை! என்ர பிழைதான்! நான் செய்தது பெரிய பிழை! போதுமோ?" என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஆத்திரத்தில் கத்தியதால் அது மன்னிப்பு மாதிரியே இருக்கவில்லை. நான் ஏதோ சொல்லக்கூடாத வசவைச் சொல்லிவிட்டேன் என்று நினைத்து முன்வரிசையில் ஒரு அம்மா சிலுவை போட்டுக்கொண்டார். முதல் மாடிக் கிழவி என்னை நோக்கி விரலை ஆட்டிச் சபித்தாள்.

அவள் முகத்தைத் துடைத்தாள். மூக்கை உறிஞ்சினாள். "சரி" என்றாள், சின்னக் குரலில். நாங்கள் இரண்டு பேரும் அப்படியே மூச்சு வாங்கிக்கொண்டு நின்றோம். சண்டை முடிந்துவிட்டது.

ஆனால் டிரெத்தோரே பீரங்கிக்குப் பின்னாலிருந்து இரண்டு கையையும் சக்கரம் மாதிரிச் சுற்றிக்கொண்டிருந்தார். இன்னும், இன்னும். நான் சுவர்ப் பக்கம் பார்த்தேன். ஓட்டையில் பார் முதலாளி பாதி வெளியே, பாதி உள்ளே. சரித்திரத்தில் அந்த இரண்டு பேரும் ஐந்து நாள் பட்டினி கிடந்து மெலிந்து வெளியே வந்தவர்கள். இவர் ஐந்து மணித்தியாலம்கூடச் சாப்பிடாமல் இருந்தவர் இல்லை. வயிற்றில் இறுகிவிட்டார். பின்னால் ஒல்லி மனிதர் தள்ளுவது தெரிந்தது. ஒவ்வொரு தள்ளுக்கும் முதலாளியின் கண் பிதுங்கியது.

"இன்னும் பிடிக்கட்டாம்!" என்று அவளைப் பார்த்துக் கத்தினேன்.

"இனி என்னத்துக்குப் பிடிக்கிறது!" என்று அவளும் கத்தினாள்.

"எனக்குத் தெரியாது! ஏதாவது கத்து! அந்தாள் இறுகிப்போனார்!"

அவள் திரும்பிப் பார்த்தாள். அவள் உதடு துடித்தது. சிரித்தால் எல்லாம் போய்விடும் என்று எனக்குத் தெரியும். நான் அவள் தலைத்துண்டைப் பிடித்து இழுத்தேன். அவள் விரலை என் மூக்குக்கு நேரே நீட்டி, எரிகிற கண்ணோடு கத்தினாள்:

"இண்டைக்கு என்னடி சமைச்சனீ?"

"கூழ்!" என்று கர்ஜித்தேன். "ஒடியல் கூழ்!"

"நண்டு போட்டனியோ?"

"போட்டனான்! இறாலும் போட்டனான்! மீன் தலையும் போட்டனான்! என்ன செய்வாய்?"

"பயித்தங்காய்?"

"அதில்லாமல் கூழோ? கேக்கிறாய் ஒரு கேள்வி!"

"புளி எவ்வளவு விட்டனீ? சொல்லு! ஊர் அறியச் சொல்லு!"

"ஒரு தேசிக்காய் அளவு!"

"ஒரு தேசிக்காயோ!" எலுமிச்சம்பழ அளவு புளி என்றதும் அவள் உண்மையாகவே திடுக்கிட்டுவிட்டாள். "ஒரு சட்டி கூழுக்கு ஒரு தேசிக்காய் அளவு புளியோ? அது கூழோ, கஞ்சியோ? யாழ்ப்பாணத்துச் சனத்துக்கு நாக்கே இல்லையோ?"

"வன்னியிலை நீங்கள் புளியைக் குடிக்கிறனீங்கள் எண்டால் நாங்களும் குடிக்க வேணுமோ?"

இதில் எங்கள் இரண்டு பேருக்கும் உண்மையிலேயே கோபம் வந்துவிட்டது. மூன்றாவது வரிசை இரண்டாகப் பிரிந்து, யாழ்ப்பாணம் ஒரு பக்கமும் வன்னி ஒரு பக்கமுமாகக் கத்தத் தொடங்கியது. என் கணவர் போனைப் பிடித்த கையோடு எழும்பி, "இரண்டு தேசிக்காய் விட வேணும்!" என்றார். வீட்டில் அவர் ஒரு நாளும் வாய் திறந்து சொன்னதில்லை. இருபத்திரண்டு வருடம் என் கூழைக் குடித்த மனிதர்.

அப்போதுதான் ஒரு பெரிய சத்தம். ஒல்லி மனிதர் பின்னால் ஓடிவந்து மோதியிருக்க வேண்டும். முதலாளி வெளியே வந்தார், சுவரோடு. பலகையும் சாந்துமாக ஒரு துண்டு அவர் இடுப்பைச் சுற்றி, கோவில் வாகனத்துக்குக் கட்டிய தட்டி மாதிரி நின்றது. அதோடேயே அவர் முற்றத்தைக் குறுக்கே கடந்து ஓடினார். ஒல்லி மனிதர் பின்னால். சிப்பாய்கள் இரண்டு பேரும் எங்களைப் பிரித்துவிடுவதில் மும்முரமாக இருந்ததால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கூட்டம் எழும்பி நின்று கைதட்டியது. பல்கனியிலிருந்து யாரோ எலுமிச்சம்பழங்களை எறிந்தார்கள், வாழ்த்தாகவா வேறு எதற்காகவா என்று தெரியவில்லை.

பிறகு சாமான் அறையில் பாவாடையைக் கழற்றிக்கொண்டிருந்தோம். பீரங்கி அங்கே இல்லை. நேராகக் கதைக்க வேண்டியிருந்தது.

"கழுத்து நோகுதோ?" என்றேன். தலைத்துண்டை நான் பலமாகத்தான் இழுத்துவிட்டேன்.

"இல்லை அக்கா" என்றாள். பழைய "அக்கா" திரும்பி வந்திருந்தது. ஊசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மேசையில் வைத்தாள். "நீங்கள் ஒருக்காக் கேட்டனீங்கள், உப்பிடிச் சிப்பாய்கள் ஏமாறுவினமோ எண்டு."

"ஓம்."

"ஏமாறுவினம். முகாமிலை தண்ணி வரிசையிலை நானும் என்ர மச்சாளும் ஒருக்கா இப்பிடிப் பிடிச்சனாங்கள். வாளியாலை அடிச்சனாங்கள். அவ என்ர காதைக் கடிச்சுப்போட்டா. நாலு ஆமிக்காரர் பாக்க வந்திட்டினம். ஒருத்தன் சிரிச்சுச் சிரிச்சு நிலத்திலை இருந்திட்டான்."

"என்னத்துக்குப் பிடிச்சனீங்கள்?"

"அங்காலை கம்பிக்குக் கீழாலை என்ர அக்கா போறதுக்கு."

நான் பாவாடையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவள் தன் இடது காதைத் திருப்பிக் காட்டினாள். சோணையில் ஒரு சின்னக் குழி இருந்தது. ஏழு வருடம் பக்கத்தில் நின்று வேலை செய்திருக்கிறேன், நான் அதைப் பார்த்ததில்லை.

"அக்கா தப்பிப் போட்டாவோ?"

"ஓம், போட்டா. இப்ப லண்டனிலை. நல்ல வீடு. போன் எடுத்தால் எடுக்கிறேல்லை." ஊசிகளைப் பெட்டியில் போட்டு மூடினாள். "அதுக்கும் ஒருக்கா நேரிலை போய்ச் சண்டை பிடிக்க வேணும்."

அவள் சிரித்ததால் நானும் சிரித்தேன். பாவாடையை மடித்தேன். அவளிடம் நான் கேட்ட கேள்வியையும், அவள் மொப்பைப் பிழிந்தபடி நின்றதையும் நினைத்தேன். நிறையக் கதைக்கிறவள் நான். ஏழு வருடத்தில் அவளிடம் ஒரு கேள்விகூட ஒழுங்காகக் கேட்டதில்லை.

லைவ் விஷயம் அன்று பிற்பகல் தெரியவந்தது. ரொறன்ரோவில் அண்ணன் விடியற்காலைக் கோப்பியோடு முழுவதையும் பார்த்திருக்கிறார். பொறுப்பாளர், கழிவறை பிரஷ், மன்னிப்பு, கூழ் எல்லாம். நான்கு நாள் அவர் போன் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. ஐந்தாம் நாள் எடுத்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று ஆயத்தமானேன்.

"எடி" என்றார் அண்ணன், "அந்தாளுக்கு அந்தச் சுவரை எப்பிடிக் கழட்டினவை?"

மரம் அறுக்கிற வாளால் அறுத்தார்கள் என்று சொன்னேன். அவர் வெகுநேரம் சிரித்தார். வேலையைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து அண்ணி ஒரு படம் அனுப்பினார். பீரங்கிப் படம் பழையபடி சுவரில் தொங்கியது. பக்கத்தில் இன்னொரு சட்டம். அதில் நான் வாயை ஆவென்று திறந்துகொண்டு ஈரச்சீலையைச் சுழற்றுகிறேன். இதையும் கழற்றச் சொல்லலாமா என்று யோசித்தேன். விட்டுவிட்டேன்.

மியூசியத்தில் எங்களுக்கு மதிப்பு ஏறிவிட்டது. பார் முதலாளி எங்கள் இரண்டு பேருக்கும் கோப்பி கொடுத்தால் நாங்கள் மறுக்கக்கூடாது என்று சட்டம் போட்டிருக்கிறார். டிரெத்தோரே இன்னும் ஒருபடி மேலே போனார். நிகழ்ச்சியை எடுத்த வீடியோவை ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு திரையில் நிரந்தரமாகக் காட்டுவது என்று முடிவெடுத்து, எங்களைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"கீழே இத்தாலியனில் எழுத்துப் போட வேண்டும். நீங்கள் சொன்னதை ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்துத் தாருங்கள். இது ஆவணம்."

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். அவள் பதினைந்து நாள் அவரைப் பார்த்துச் சொன்ன சொல்லின் கதையும் அந்த ஆவணத்துக்குள் இருந்தது.

"தாறம், டிரெத்தோரே" என்றேன்.

என் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து செய்தோம். என் மகளுக்குப் பதினாறு வயது. இங்கே பிறந்தவள். அவள் லப்டொப்பில் தட்டச்சு செய்தாள். வீடியோவை ஓடவிட்டு நிறுத்தி, "அம்மா, இந்த இடத்திலை நீங்கள் சொல்லுறது 'ஒரு தேசிக்காய் அளவு'. அதுக்கு என்ன போட?" என்று கேட்டாள்.

தங்கச்சி யோசித்தாள். "அரசன்ர மூளையின்ர அளவைச் சொல்லுறா எண்டு போடு பிள்ளை."

"நண்டு, இறால்?"

"சிப்பாய்களைப் பேசுறம் எண்டு போடு" என்றேன்.

"இந்த இடம்?" மகள் திரையைக் காட்டினாள். தங்கச்சி அழுதுகொண்டு என்னை நம்பினதைப் பற்றிச் சொல்கிற இடம். மகள் விரலைத் தட்டுப்பலகையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"அதை அப்பிடியே போடு" என்றாள் தங்கச்சி. "அது அந்தக் காலத்துக்கும் சரியாத்தான் இருக்கும்."

"என்ர மன்னிப்பு?" என்று நான் கேட்டேன்.

"அதையும் அப்பிடியே போடு. பெரிய எழுத்திலை போடு."

மகள் பெரிய எழுத்தில் போட்டாள். டிரெத்தோரே வாசித்துவிட்டு மெய்சிலிர்த்துப் போனார். அரசனின் மூளையைப் பற்றிய வரி மக்கள் கலையின் உச்சம் என்றார். இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வந்து திரையின் முன்னே உட்கார்ந்து, நேப்பிள்ஸ் அரசனை இரண்டு கால்சாப் பெண்கள் எப்படித் திட்டினார்கள் என்று கொப்பியில் எழுதிக்கொண்டு போகிறார்கள். எங்கள் ஆட்கள் யாராவது வந்தால்தான் சங்கடம். திரைக்கு முன்னே நின்று வாசிப்பார்கள், கேட்பார்கள், மறுபடி வாசிப்பார்கள். போன கிழமை மெஸ்ஸினாவிலிருந்து வந்த ஒரு அம்மா நான் சுவர் துடைக்கும் இடத்துக்கு வந்து, மெதுவாகக் கேட்டார்:

"பிள்ளை, பலாக்கொட்டை போடுறேல்லையோ?"

தங்கச்சி கூடத்தின் மறுமுனையிலிருந்து, மொப்பை ஊன்றிக்கொண்டு, "போட வேணும் அம்மா! உவவுக்கு ஆர் சொல்லுறது!" என்றாள்.